இறங்குதுறைச் சிங்களத்துக்குப் புள்ளி இல்லை

ஆண்டுதோறும் எடுக்கும் பாடசாலைக் கணக்கெடுப்பில் தீவக வலயத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் படிவம் நிரப்புவது சுலபம். கற்பித்தல் மொழி: தமிழ். அதோடு வேலை முடிந்தது. பல மொழிப் பின்னணி கொண்ட மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று கொழும்பில் யாராவது கருத்தரங்கு வைத்தால், நெடுந்தீவில் இருந்து ஒருவரைக் கூப்பிடுவோம் என்று யாருக்கும் தோன்றாது. அங்கே எல்லாரும் தமிழ்தானே என்பார்கள்.

நான் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கடைசியில் ஊர்காவற்றுறைப் பக்கத்திலும் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பிறந்த ஊர் வேலணை, பயிற்சி கோப்பாய் ஆசிரிய கலாசாலையில். அப்பா மாத்தளையில் கடை வைத்திருந்தவர் என்பதால் எனக்குச் சிங்களமும் வரும். அதனால் சிங்களத்துக்கு ஆசிரியர் இல்லாத காலமெல்லாம், அதாவது பெரும்பாலான காலம், அந்தப் பாடவேளையும் என் தலையில்தான் விழுந்தது. அப்படி இரண்டு பாடம் எடுத்ததில் கண்டதைத்தான் சொல்கிறேன். தீவகத்துப் பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போது இரண்டு மூன்று மொழிகளின் துண்டுகளையும் பல விதத் தமிழையும் கொண்டுதான் வருகிறார்கள். நாங்கள் அவற்றைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

சிங்களத்தில் இருந்து தொடங்குகிறேன். ஆகப் பெரிய அநியாயம் அங்கேதான் நடக்கிறது.

போயா விடுமுறையில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வெள்ளை உடுத்த சனம் வந்து இறங்கும். அங்கிருந்து படகேறி நயினாதீவுக்குப் போகும். புத்தர் இரண்டாம் முறை இலங்கைக்கு வந்த நாகதீபம் நயினாதீவுதான் என்பது அவர்கள் நம்பிக்கை; மணிமேகலையின் மணிபல்லவம் அதுதான் என்பது எங்கள் ஆட்கள் பலருடைய நம்பிக்கை. விகாரைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் நாகபூஷணி அம்மனையும் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். திரும்பும்போது பனங்கட்டியும் புழுக்கொடியலும் பினாட்டும் கருவாடும் வாங்குவார்கள். விற்கிற கடைகளில் அரைவாசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்பார்கள்.

என் எட்டாம் வகுப்பில் அப்படி ஒரு பெடியன் இருந்தான். தகப்பன் வள்ளத்தில், தாய் கடையில். சனி, ஞாயிறு, போயா என்றால் அவனும் கடையில். குருநாகலில் இருந்து வந்த ஒரு கிழவி புழுக்கொடியலைத் தூக்கிப் பார்த்து இது என்ன என்று கேட்டால், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது என்று சிங்களத்தில் சொல்வான். பல்லில்லாதவர்கள் இதை என்ன செய்வது என்று அவள் கேட்டால், இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைக்கச் சொல்வான். விலை பேசுவான், கொஞ்சம் இறங்குவான், ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்க மாட்டான், பகிடியும் விடுவான். மொழிப் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் 'தொடர்பாடல் திறன்' என்று பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான்.

இரண்டாம் மொழி சிங்களத்தில் தவணைப் பரீட்சையில் அவனுக்குக் கிடைத்தது 18 புள்ளி.

வகுப்பில் அதிகூடிய புள்ளி எடுத்த பிள்ளை இறங்குதுறைப் பக்கமே போகாதவள். பயிற்சிப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை பாடமாக்கியவள். அவளிடம் சிங்களத்தில் பெயர் என்ன என்று கேட்டால் என் முகத்தையே பார்ப்பாள். அவள் மீது எனக்குக் குறையில்லை, கேட்டதைக் கொடுத்தாள். கேட்டதுதான் பிழை.

வினாத்தாள் முழுக்க எழுத்து. எங்களுக்குப் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று இருப்பதுபோல் சிங்களத்திலும் உண்டு. பேச்சில் நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் வினைச்சொல் ஒன்றேதான். எழுத்துச் சிங்களத்தில் ஆளுக்கு ஆள் விகுதி மாறும். உச்சரிப்பில் ஒன்றாகிப்போன இரண்டு 'ன'வும் இரண்டு 'ல'வும் எழுத்தில் இன்னும் தனித்தனியாக இருக்கின்றன. சிங்களப் பிள்ளைகளே அதில் தடுமாறுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு தொல்லை: நாங்கள் ஒரே ஒரு 'ப' வைத்துச் சமாளிக்கிற இடத்தில் அங்கே நான்கு எழுத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் முதல் நாளே இந்த எழுத்து மூட்டையைத் தூக்கிக் கொடுத்து, ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயம் சுமக்கச் சொல்கிறோம். பத்தாம் வகுப்பில் விரும்பினால் எடுக்கலாம் என்றதும் பெரும்பாலான பிள்ளைகள் இறக்கி வைத்துவிடுகிறார்கள். வேறென்ன செய்வார்கள்?

நான் வகுப்பில் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்தப் பெடியனையும் இன்னும் இரண்டு கடைப்பிள்ளைகளையும் முன்னுக்குக் கூப்பிட்டேன். மேசைதான் கடை, மற்றவர்கள் யாத்திரிகர்கள். அவர்கள் கதைத்ததைக் கரும்பலகையில் முதலில் தமிழ் எழுத்தில் எழுதினேன். 'பலன்ன', 'கன்ன', 'சீயய்' என்று. பலகை நிறைந்ததும், இதில் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த சொற்கள் எத்தனை என்று கேட்டேன். கடே, சல்லி, அக்கா, பாலம என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகுதான் அதே வசனங்களைச் சிங்கள எழுத்தில். ஒலி காதில் இருக்கும்போது எழுத்து அவ்வளவு பயமுறுத்தாது. 'ப'வுக்கு நான்கு எழுத்து இருப்பதன் காரணம்கூட, கடையில் கேட்டு வாங்கிய சொற்களை வைத்துச் சொன்னால் விளங்கும்.

இறங்குதுறைச் சிங்களத்தில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. அது சந்தைப் பேச்சு. வா, பார், எடு, நூறு, இருநூறு. அதை வைத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுத முடியாது, ஆஸ்பத்திரித் துண்டை வாசிக்க முடியாது. மரியாதைச் சொல் வராது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் பிக்குமாரை வாருங்கள் என்று அழைக்க வேறு சொல் இருக்கிறது என்று நான் விளக்கத் தொடங்கியபோது, "வடின்ன எண்டு சொல்லவேணும் ரீச்சர்" என்று அந்தப் பெடியன்தான் பின்வாங்கில் இருந்து சொன்னான். விகாரைக்குப் பக்கத்தில் வளர்கிறவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு மிச்சம் இருந்த வேலை, சந்தையில் இருந்து கந்தோருக்குக் கூட்டிப் போவது. கொழும்பில் இருந்து ஊரவர்களுக்குச் சிங்களத்தில் மட்டும் வந்து சேர்கிற கடிதங்களை வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவையே எங்கள் இரண்டாம் பாடப்புத்தகம். அவன் புள்ளி கொஞ்சம் ஏறியது. முதலாம் பிள்ளையை எட்டவில்லை. வினாத்தாள் மாறவில்லையே.

இந்தக் கட்டத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து கேட்பார். கேட்டும் இருக்கிறார்கள். "எங்கட பிள்ளையள் ஏன் ரீச்சர் சிங்களம் படிக்கவேணும்? அவையின்ர பிள்ளையள் தமிழ் படிக்குதுகளோ?"

அந்தக் கேள்வியை அற்பமாக நினைக்கிறவர்கள் எங்கள் கடலைத் தெரியாதவர்கள். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில், குழந்தைகள் உட்படப் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகில் உறவை இழந்த வீட்டுப் பிள்ளைக்கும் நான் சிங்களம் படிப்பித்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் போய் 'மொழி ஒரு பாலம்' என்று பேசுவதற்கு எனக்கு வாய் வராது. சிங்களம் கற்பிக்கச் சீருடைக்காரர் ஒருவரும் வர வேண்டாம் என்பதிலும் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

ஆனாலும் இன்னொரு நினைவும் இந்த மண்ணுக்கு உண்டு. தீவாருக்குச் சிங்களம் புதிதல்ல. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆட்கள் தெற்கின் பட்டினங்களில் சுருட்டுக்கடையும் பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்துத் தலைமுறைகளாகச் சீவித்தவர்கள். என் அப்பாவின் பற்றுவரவுக் கொப்பி தமிழில் இருந்தது, வாயில் சிங்களம். பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்துப் படித்ததில்லை. 1983 யூலையில் கடை எரிந்தது, ஊருக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு சிங்களச் சொல் கதைத்து நாங்கள் கேட்கவில்லை. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை மட்டும் சிங்களத்தில்தான் கேட்பார். அதைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்டதும் இல்லை.

நயினாதீவு அம்மன் கோயிலில் இன்னும் பழைய சாட்சி ஒன்று நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலனறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வெளிநாட்டு வணிகர்கள் வந்து இறங்க வேண்டும் என்றும், யானை குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்றும், வணிகச் சரக்குக் கொண்டுவந்த மரக்கலம் என்றால் பாதிக்குப் பாதி என்றும் அது சொல்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதைப் படித்து வெளியிட்டார். சிங்கள அரசன் வெட்டுவித்த அந்த ஆணை தமிழில் இருக்கிறது. இங்கே வந்து இறங்குகிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு முக்கியம். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய அரசனுக்கு இருந்த அந்தச் சாதாரண அறிவு, சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்புகிற இன்றைய கந்தோர்களுக்கு இல்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தனிச் சட்டமும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் வயதான ஒரு தாய் சிங்களக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ரீச்சர் வீட்டுப் படலையில் நிற்கிறாள் என்றால், அந்தப் பெற்றோரின் கேள்வி நியாயமானதுதான். அதற்கு அரசாங்கம் பதில் சொல்லட்டும், தெற்கின் பள்ளிகளுக்குத் தமிழ் ஆசிரியரை அனுப்பிக் காட்டட்டும். அதுவரைக்கும் எங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியில் அவனைத் தோற்கடித்துக்கொண்டிருப்பதால் யாருக்கு நட்டம்? சிங்களம் தெரிந்த தமிழனை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். கடைக்கார வம்சத்தில் வந்தவள், அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இனித் தமிழுக்கு வருகிறேன். தமிழ் மூலம் என்று படிவத்தில் எழுதுகிறோமே, எந்தத் தமிழ்?

நெடுந்தீவுப் பிள்ளை உயர்தரம் படிக்க யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகும். விடுதியிலோ மாமா வீட்டிலோ தங்கும். முதல் கிழமையே அது வாயைத் திறந்ததும் வகுப்பு சிரிக்கும். நெடுந்தீவாரின் இழுவையும் ஏற்ற இறக்கமும் தனி. 'தீவான்' என்ற சொல்லை யாழ்ப்பாணத்தார் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று இங்கே எழுத வேண்டியதில்லை, வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு வரும். ஆசிரியர் அறிக்கையில் 'அமைதியான மாணவி' என்று எழுதுவார். ஊரில் அவளைப் போல வாயாடி கிடையாது.

பாடத்திலும் இதுதான். புவியியல் வினாத்தாளில் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை வீசும் காற்று எது என்று கேள்வி. நெடுந்தீவுப் பிள்ளை 'சோளகம்' என்று எழுதினான், பிழை போட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று என்று எழுத வேண்டுமாம். சோளகம் எழும்பினால் படகு ஓடுமா, தகப்பன் எந்தப் பக்கம் வலை போடுவார், வாடை திரும்ப எத்தனை நாள் என்று அந்தப் பிள்ளை ஒரு பக்கம் எழுதுவான். பருவக்காற்றைப் படிப்பிக்க இதைவிட நல்ல வாசல் எந்த நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? சோளகத்தையும் வாடையையும் கொண்டலையும் கச்சானையும் பலகையில் திசை போட்டு எழுதிவிட்டு, பக்கத்தில் பாடநூற் பெயரை எழுதினால் அரைமணி நேர வேலை. பரீட்சைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று என்றே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பிழை என்று சிவப்பு மையால் கீறாமல் இருந்தால் போதும்.

போர் முடிந்த பிறகு தமிழகத்து முகாம்களில் இருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு சில குடும்பங்கள் திரும்பி வந்தன. 1990இல் வள்ளத்தில் ஓடியவர்கள், அங்கே பிறந்த பிள்ளைகளோடு வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒருத்தி கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்தவள். அங்கே வகுப்பில் முதலாம் பிள்ளை. இங்கே விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தால் ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு. அவள் படித்தது ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு. அவளுடைய வேதியியல் இங்கே இரசாயனவியல், அவளுடைய இயற்பியல் இங்கே பௌதிகவியல். அவள் 'டிக்கெட்' என்று எழுதினால் 'ரிக்கற்' என்று திருத்தினார்கள். மிஸ் என்று கூப்பிட்டால் சிரித்தார்கள். தமிழ்நாடு 1968இல் இருந்து இருமொழிக் கொள்கை உள்ள மாநிலம், ஆகவே மூன்றாம் மொழி படித்த பழக்கமும் அவளுக்கு இல்லை. சிங்களம் பூச்சியத்தில் இருந்து. தமிழ் பேசும் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அந்நிய மொழிக்காரியாக நின்றாள். தாய்மண்ணுக்குத் திரும்பிய பிள்ளை என்று மேடையில் வரவேற்றவர்கள் வகுப்பில் ஒரு அகராதி கொடுக்கவில்லை.

கடைசியில் அவளேதான் கொடுத்தாள். இரண்டு பத்தி பிரித்து ஒரு கொப்பியில் இந்தப் பக்கச் சொல், அந்தப் பக்கச் சொல் என்று எழுதி வந்தாள். இங்கே பிள்ளைகள் எல்லாரும் தொலைபேசியில் தமிழகத்து ஆசிரியர்களின் கணித, விஞ்ஞானப் பாடங்களை யூடியூப்பில் பார்க்கிறார்கள். ரியூசனுக்குப் படகேற முடியாத தீவில் அதுதான் ரியூசன். அதில் வரும் கலைச்சொல் விளங்காமல் நிற்பார்கள். அவளுடைய கொப்பி வகுப்பெல்லாம் சுற்றியது. பிறகு ஒருவரும் மிஸ் என்பதற்குச் சிரிக்கவில்லை. சில பேர் அவர்களே மிஸ் என்று கூப்பிடத் தொடங்கினார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்குப் பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருந்து வருகிற பேரப்பிள்ளைகளைப் பற்றியும் எழுதினால் இந்தக் கட்டுரை தாங்காது. ஒன்று மட்டும். சுவிற்சர்லாந்தின் பல மாநிலங்களில், பிள்ளை வெளியே தாய்மொழி வகுப்புக்குப் போனால் அந்த மதிப்பீட்டைப் பள்ளிக்கூட அறிக்கையில் பதிகிறார்கள். பள்ளிக்கு வெளியே கற்ற மொழிக்கும் பள்ளிக்குள்ளே ஒரு கோடு எழுத இடம் இருக்கிறது. நாங்கள் இறங்குதுறையை அடுத்து இருக்கிற பள்ளிக்கூடத்தில் அதைச் செய்யவில்லை.

என் சொந்தப் பாடம் ஆங்கிலம். அதில் நான் பட்டது வேறு விதம். ஆசிரிய ஆலோசகர்கள் வருவார்கள். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்பார்கள். அவர்கள் வாசலில் தலை காட்டியதும் நானும் பிள்ளைகளும் ஆங்கிலத்துக்குத் தாவுவோம், போனதும் தமிழுக்கு இறங்குவோம். தீவகத்தில் ஆங்கிலம் படிப்பித்த எல்லாரும் இந்த நாடகத்தில் நடித்தவர்கள். இது களவு இல்லை, கற்பித்தல் முறை என்று எழுதிக் காட்டியவரும் எங்கள் ஊர்க்காரர்தான். 1984 தொடக்கம் பத்து வருடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்து யாழ்ப்பாண வகுப்புகளில் ஆசிரியர்கள் எந்தெந்த இடத்தில் தமிழுக்கு மாறுகிறார்கள், ஏன் மாறுகிறார்கள் என்று ஆராய்ந்து 1995இல் கட்டுரை எழுதினார். 1999இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட அவருடைய நூலில், அமெரிக்கப் பாடப்புத்தகம் ஒன்றின் ஓரங்களில் யாழ்ப்பாணத்து மாணவர்கள் எழுதிய தமிழ்க் குறிப்புகளும் கீறிய படங்களும் ஆய்வுப் பொருளாகின. புத்தகத்தைப் பழுதாக்குகிறார்கள் என்று நாங்கள் ஏசியதை அவர் உட்கார்ந்து வாசித்தார். இன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்ரேற் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உலகம் அவரைப் படித்து ஆங்கில வகுப்பில் தாய்மொழிக்கு இடம் கொடுக்கிறது. குறிகட்டுவானில் படகேறி வரும் ஆலோசகர் இன்னும் ஆங்கிலம் மட்டும் என்கிறார்.

நாங்கள் உட்கார்ந்து படித்த மேசை, கதிரை, யன்னல், அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், கந்தோர் ஒல்லாந்தருடையது. தூய தமிழ் மூல வகுப்பறை என்று எதைச் சொல்கிறோம்?

தனிநாயகம் அடிகளை நினைக்காமல் தீவகத்துக்காரி ஒருத்தி மொழியைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. 1913இல் கரம்பனில் பிறந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியாரிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியாரிலும் படித்தது ஆங்கிலத்தில். ரோமாபுரியில் குருத்துவம் படித்துவிட்டு, 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளிக்கூட ஆசிரியராகப் போன பிறகுதான் பண்டிதர் ஒருவரிடம் உட்கார்ந்து தமிழை முறையாகப் படித்தார். அப்போது இலத்தீனும் இத்தாலியும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர் இருபத்தேழு வயதில் தமிழ் மாணவன். எங்கள் பேச்சுப்போட்டிகளில் அவரைத் தமிழ்த் தூதர் என்று முழங்குகிறோம். அவர் மற்ற மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்தார் என்ற பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

பிள்ளைகள் கொண்டுவரும் மொழிகளை வகுப்புக்குள் எடுக்க வேண்டும் என்றால் ஆசிரியர் ஊரில் இருக்க வேண்டும். அங்கேதான் எல்லாம் கவிழ்கிறது. தீவகம் கஷ்டப் பிரதேசம். சேவைக்காலத்தைக் கழிக்க வருகிறவர்கள் இடமாற்றத்துக்கு நாள் எண்ணுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. குறிகட்டுவானுக்கு விடியப்புறம் பஸ், அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலக் கடல், சோளகம் எழும்பினால் அதுவும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் பேச்சு ஆசிரியருக்குப் பழக ஒரு வருடமாவது வேண்டும். பழகின கையோடு மாற்றம் வந்தால், அடுத்து வருகிறவர் மறுபடி சிவப்பு மைப் பேனையோடு தொடங்குவார். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பிறந்த பிள்ளைகளை ஆசிரியராக்கி ஊரிலேயே நியமியுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். நானும் கேட்கிறேன். இரண்டாம் மொழி ஆசிரியரை முதலில் நியமியுங்கள்.

ஆசிரியரை நியமிக்க நிதி வேண்டும், அனுமதி வேண்டும், வருடம் போகும் என்பது தெரியும். ஆகவே நிதி தேவைப்படாத ஒன்றைக் கேட்கிறேன். சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள் கொழும்பில் தயாராவது, அதில் எங்கள் கை இல்லை. ஆறாம் வகுப்பில் இருந்து ஒன்பது வரையான தவணைப் பரீட்சை அப்படி இல்லை, அது வலயத்தோடும் மாகாணத்தோடும் முடிகிற காரியம். இரண்டாம் மொழி சிங்களத்தில் 100 புள்ளியில் 40ஐ வாய்மொழிக்கு ஒதுக்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். வழி கேட்கட்டும், விலை பேசட்டும், ஒரு கடிதத்தின் முதல் நான்கு வரியை வாசித்துப் பொருள் சொல்லட்டும். பாடமாக்கிய பிள்ளைக்கு மிச்சம் 60 இருக்கிறது, அவளுக்கும் அநியாயம் இல்லை. அவளும் ஒருநாள் இறங்குதுறைக்குப் போய்ப் பார்ப்பாள்.

தீவக வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். இதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை, ஒரு சுற்றுநிருபம் போதும். அடுத்த தவணைக்கு முன் எழுதுங்கள்.